கடைப் பாட்டு: காதை மூடுவதா, வாயைத் திறப்பதா?

போன வாரம் ஒரு கடையில் இரண்டு டப்பாக்களைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஸ்பீக்கர். முதல் லேபிளைப் படித்துவிட்டு இரண்டாவதுக்குப் போவதற்குள் பாட்டின் ஒரு வரி நடுவில் புகுந்துவிடும், முதலாவதில் என்ன எழுதியிருந்தது என்பது மறந்து போய்விடும். மூன்று தடவை முயன்றேன். கடைசியில் இரண்டையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பாட்டே பிடிக்காத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் நான் பாட்டு கேட்காத நாள் கிடையாது. ஆனால் அங்கே போடுவதும் நான், நிறுத்துவதும் நான். கடை, வங்கி, லிஃப்ட், விமான நிலையம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை, கழிப்பறை என்று எங்கே போனாலும் யாரோ தேர்ந்தெடுத்த பாட்டு என் மேல் வந்து விழுவதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்காவது இது எரிச்சலோடு போகிறது. காதில் மெஷின் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மெஷின் எதிரே நிற்பவரின் பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை, பாட்டையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. மெஷினைக் கழற்றினால் பேச்சும் கேட்காது. ஆட்டிசம் உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், காதுக்குள் சதா இரைச்சல் கேட்பவர்கள் எல்லாருக்கும் இது அந்த இடத்துக்குள் போகலாமா வேண்டாமா என்பதையே முடிவு செய்கிற விஷயம்.

சரி, என்னதான் செய்வது? பொறுத்துக்கொள்ளலாம், காதை மூடலாம், கூட்டமில்லாத நேரத்தில் போகலாம், சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம், வேறு கடைக்குப் போகலாம், எழுதிப் போடலாம், சட்டம் கேட்கலாம். சட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் பலிக்கிறது, இன்னோரிடத்தில் வீண். ஏன் அப்படி என்று யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: அந்த வால்யூம் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

சின்னக் கடையில் முதலாளியின் போனிலிருந்து ஒரு புளூடூத் ஸ்பீக்கருக்குப் பாட்டு போகும், அவர் நினைத்தால் அடுத்த நொடியே குறையும். பல கிளைகள் உள்ள கடையில் கதை வேறு. பாட்டுப் பட்டியல் தலைமை அலுவலகம் சந்தா கட்டும் ஒரு சேவையிலிருந்து இணையம் வழியாக வரும், நடுநடுவே அந்தக் கடையின் விளம்பரமும் வரும். அங்கே நிற்கும் ஊழியரால் பாட்டை மாற்ற முடியாது, சில இடங்களில் வால்யூமையும் குறைக்க முடியாது. அவரிடம் கோபப்படுவது அநியாயம். நாம் அரை மணி நேரம் கேட்கிற அதே பட்டியலை அவர் ஷிஃப்ட் முழுக்கக் கேட்கிறார், எழுந்து போகவும் முடியாது. இந்த விஷயத்தில் நம்மைவிடப் பெரிய பாதிப்பு அவருக்குத்தான்.

இது ஒன்றும் நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. அமெரிக்க ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர், கம்பி வழியாக இசையை அனுப்பி விற்கும் யோசனையைத் தொழிலாக்கினார். அது 1934-இல் மியூசாக் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. மியூசிக் என்ற சொல்லையும் கோடாக் என்ற கம்பெனிப் பெயரையும் சேர்த்து உண்டாக்கிய பெயர். தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்காக அவர்கள் 15 நிமிடத் தொகுப்புகள் தயாரித்தார்கள், பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக விறுவிறுப்பு கூடும். அப்புறம் 15 நிமிடம் மௌனம். இடைவிடாமல் கேட்டால் மனிதருக்கு அலுத்துவிடும் என்பது இந்தத் தொழிலை ஆரம்பித்தவர்களுக்கே தெரிந்திருந்தது. இன்றைக்குக் கடைகளில் காணாமல் போனது அந்த இடைவெளிதான்.

பொறுத்துக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நிமிட வேலை என்றால் நானும் பொறுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் போனால், பொறுத்துக்கொள்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாதிச் சாமானை மறந்துவிட்டு வந்திருப்போம்.

காதை மூடுவதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள், நானும் வீணாக்கியிருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளிச் சத்தத்தை ரத்து செய்யும் ஹெட்போன் போட்டால் நிம்மதி என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அதன் வேலை இதுதான்: வெளியே இருக்கிற சத்தத்தை மைக் வாங்கும், அதற்கு நேரெதிரான அலையை உள்ளே உண்டாக்கும், இரண்டும் மோதி அடங்கும். விமான எஞ்சின், ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலில் இது அருமையாக வேலை செய்யும். மனிதக் குரலும் பாட்டின் மேல் சுருதிகளும் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பவை, அவற்றில் இதன் பிடி தளர்ந்துவிடும். விளைவு என்னவென்றால், கடையின் ஏசி இரைச்சல் அடங்கிவிடும், அதுவரை அந்த இரைச்சலில் பாதி மறைந்திருந்த பாடகரின் குரல் முன்னைவிடத் தெளிவாக வந்து நிற்கும். எனக்கு முதல் தடவை இது நடந்தபோது ஹெட்போன் பழுது என்றே நினைத்தேன். அதை மறைக்க நம்முடைய பாட்டைப் போட்டால், ஒரு பாட்டுக்குப் பதில் இன்னொரு பாட்டு. கேட்க விரும்பாத நேரத்தில் என் சொந்தப் பாட்டும் எனக்குச் சத்தம்தான்.

அழுத்தினால் சுருங்கும் ஃபோம் இயர்ப்ளக் இதைவிட மலிவு, பாட்டுக்கு எதிராக இதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சரியாகப் போட வேண்டும். விரல்களுக்கு நடுவே மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதின் மேல்பகுதியை மேல்பக்கமும் பின்பக்கமும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி துருத்திக்கொண்டிருந்தால் அடைப்பு அரைகுறைதான். இதன் குறை என்னவென்றால், மேல் சுருதிகளை நிறைய அடைக்கும், அடிச் சுருதியைக் குறைவாக அடைக்கும். அதனால் பாட்டு போய்விடும், டம் டம் என்ற அடி மட்டும் சுவர் வழியாக வருவதுபோல் மிஞ்சும். அதோடு நம் குரலே தலைக்குள் முழங்கும், பில் போடுபவர் சொல்வது புரியாது. இசைக் கலைஞர்கள் போட்டுக்கொள்ளும் ஃபில்டர் வைத்த இயர்ப்ளக் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கும், எதிரே இருப்பவர் பேசுவது மங்கலானாலும் புரியும். கடை, வங்கி என்று பேச வேண்டிய இடங்களுக்கு இதுதான் என் தேர்வு. ஹெட்போனை நீண்ட பயணத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை சொன்னபிறகும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சத்தம் போடுகிறவர் அவர், காதை அடைத்துக்கொண்டு செலவும் செய்ய வேண்டியவர் நாமா? போகும் வழியில் பின்னால் வரும் வண்டி கேட்காமல் போகலாம், என் பெயரைக் கூப்பிட்டால் கேட்காமல் போகலாம். காது மெஷின் வைத்திருப்பவருக்கு இந்த வழி அறவே கிடையாது. ஆக, அன்றைய பொழுதைச் சமாளிக்க மட்டும்தான் இது உதவும்.

கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போவது பாதி தீர்வு. கூட்டம் குறைந்தால் பாட்டு குறையாது, ஆனால் அதன் மேல் ஏறும் பேச்சுச் சத்தம் குறையும். சத்தமான இடத்தில் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள், பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்டின் பெயரால் லொம்பார்ட் விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். பாட்டுக்கு மேல் ஒருவர் பேச, அவருக்கு மேல் இன்னொருவர் பேச, யாரோ பாட்டைக் கூட்ட, இப்படியே ஏறிக்கொண்டு போகும். காலையில் கடை திறந்த உடனே போனால் இந்த ஏணியின் முதல் படியிலேயே வேலையை முடித்துவிடலாம்.

இதைவிட நல்லது, கடையே ஒதுக்கும் அமைதி நேரம். ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் என்ற பெரிய கடை 2017-இல், ஆட்டிசம் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ஸ்பீக்கரை நிறுத்தி விளக்கையும் தணித்துப் பார்க்கத் தொடங்கியது. பிரிட்டனில் மோரிசன்ஸ் 2018-இல் சனிக்கிழமை காலை 9 முதல் 10 மணிவரை பாட்டையும் அறிவிப்புகளையும் நிறுத்தி, பில் போடும் இயந்திரங்களின் பீப் ஒலியையும் குறைத்தது. யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்கு இது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வேலைக்குப் போயிருப்பவருக்கு? அந்த நேரம் கடையில் வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது, யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அப்படியென்றால் மற்ற நேரங்களில் பாட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் பகுதிக் கடைகளில் இப்படி ஒரு நேரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னாலும், கேட்டதே ஒரு கோரிக்கையாகப் பதிவாகும்.

இனி வாயைத் திறப்பது. பலருக்கு இதில்தான் தயக்கம். எனக்கும் பல வருடம் இருந்தது, நம் ஒருவருக்காக எப்படி நிறுத்தச் சொல்வது என்று. நான் கற்றுக்கொண்டது, நிறுத்தச் சொல்லவே கூடாது, குறைக்கச் சொல்ல வேண்டும். "பாட்டை ஆஃப் பண்ணுங்க" என்றால் எதிரே இருப்பவருக்கு அது ஒரு சண்டையின் ஆரம்பம். "கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமாங்க, நீங்க சொல்றது கேட்கல" என்றால் அது வேலை சம்பந்தப்பட்ட காரணம், அவருக்கும் பயனுள்ள காரணம். ரசனையைப் பற்றிப் பேசவே கூடாது. அந்தப் பாட்டு அவருக்குப் பிடித்த பாட்டாக இருக்கலாம். எங்கே நின்று கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்பீக்கர் எப்போதும் கூரையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, "இந்த மூலை ஸ்பீக்கர் மட்டும் ரொம்ப அதிகமா இருக்கு" என்று குறிப்பிட்டுச் சொன்னால் செய்ய எளிதான வேலையாகத் தெரியும். என் அனுபவத்தில் சின்னக் கடைகளில் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே குறைத்துவிடுகிறார்கள். ஒரு இடத்தில், அங்கே வேலை செய்த பெண் எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்து, "நாங்களே சொல்ல முடியாது சார், நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தயக்கம் போய்விட்டது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. சில மாதங்களுக்கு முன் அம்மாவின் பரிசோதனை முடிவுக்காக ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தோம். சுவர் டிவியில் குத்துப் பாட்டு. பெயர் கூப்பிடுவது கேட்குமோ கேட்காதோ என்று அம்மா நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார், சாய்ந்து உட்காரவே இல்லை. குறைக்கச் சொன்னேன். "ரிமோட் இங்க இல்லைங்க, மேலிடத்து உத்தரவு" என்றார்கள். அங்கே இருந்த யாரும் அந்தப் பாட்டைக் கேட்கும் மனநிலையில் இல்லை. அந்த அறையிலிருந்து எழுந்து போகவும் முடியாது. கடையை விட்டு வெளியேறலாம், நோயாளியால் காத்திருப்பு அறையை விட்டு வெளியேற முடியுமா? நான் ரொம்பவே கோபப்படுவது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

வெளியேற முடிகிற இடமாக இருந்தால், வெளியேறுவது வலுவான வழி, ஆனால் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். சொல்லாமல் போனால் கடைக்காரருக்குத் தெரிவது ஒரு வாடிக்கையாளர் வரவில்லை என்பது மட்டும்தான், அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். போன வாரம் நான் செய்த தப்பு அதுதான், டப்பாக்களை வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

பல கிளைக் கடையாக இருந்தால் நேரே தலைமை அலுவலகத்துக்கு எழுதுவது மேல், வால்யூம் அங்கேதான் இருக்கிறது. எழுதும்போது எந்தக் கிளை, எந்த நாள், என்ன நேரம், எதை வாங்காமல் திரும்பினீர்கள் என்று நாலு வரியில் எழுதினால் போதும். போனில் சத்தம் அளக்கும் செயலி இருந்தால் அந்த எண்ணையும் சேர்க்கலாம், துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒரு மதிப்பீடு கிடைக்கும். பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசும் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். பாட்டே அந்த அளவுக்கு இருந்தால் பேச்சு மூழ்கும் என்று விளக்காமலே புரியும்.

அவர்கள் பதிலுக்கு ஒன்று சொல்வார்கள்: பாட்டு போட்டால் விற்பனை கூடும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் நல்லது. 1982-இல் ரொனால்ட் மில்லிமன் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் செய்த ஆய்வில், மெதுவான இசை ஓடியபோது, வேகமான இசை ஓடியபோதைவிட விற்பனை சுமார் 38 சதவீதம் கூடியது. மக்கள் மெதுவாக நடந்தார்கள், அதிகம் வாங்கினார்கள். 1997-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், பிரெஞ்சு இசை போட்ட நாட்களில் பிரெஞ்சு ஒயினும், ஜெர்மன் இசை போட்ட நாட்களில் ஜெர்மன் ஒயினும் அதிகம் விற்றன, வாங்கியவர்களில் பெரும்பாலோர் இசைதான் காரணம் என்று உணரவே இல்லை. இரண்டாவதைப் படித்தபோது எனக்கு எரிச்சல் கவலையாக மாறியது. ஆனால் இவை எதுவும் சத்தமாகப் போடச் சொல்லவில்லை. 1966-இலேயே சூப்பர்மார்க்கெட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். சத்தம் கூடியபோது மக்கள் கடையில் இருந்த நேரம் குறைந்தது, விற்பனையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கடிதத்தில் நான் இதைத்தான் எழுதுவேன். பல நாடுகளில் பொது இடத்தில் பாட்டு போட உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும், நிறுத்தினால் அந்தச் செலவும் மிச்சம்.

ஒரு கடிதத்துக்குக் கிடைக்காத பதில் பல கடிதங்களுக்குக் கிடைக்கும். பிரிட்டனில் 1992-இல் தொடங்கிய பைப்டவுன் என்ற அமைப்பு இந்த ஒரே விஷயத்துக்காகத்தான் இருக்கிறது, உறுப்பினர்கள் கடைகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2016-இல் பிரிட்டனில் உள்ள தன் கடைகளில் பின்னணி இசையை நிறுத்தியது, வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் சொன்ன கருத்துகளால்தான் என்று காரணம் சொன்னது. ஊழியர்களும் என்பதைக் கவனியுங்கள். இப்படி ஆக வருடக்கணக்கு ஆகும், ஆனால் ஒரே முடிவில் எத்தனை கிளைகள் அமைதியாகின்றன!

சட்டத்தை நான் கடைசியில் வைக்கிறேன். 1969-இல் யுனெஸ்கோவோடு இணைந்த சர்வதேச இசைக் கவுன்சில், பொது இடங்களில் பதிவு செய்த இசையை அளவுமீறிப் பயன்படுத்துவது தனிமனித சுதந்திரத்தையும், ஒவ்வொருவருக்கும் அமைதிக்குள்ள உரிமையையும் மீறுவதாகத் தீர்மானம் போட்டது. போட்டவர்கள் இசை உலகைச் சேர்ந்தவர்கள்! ஆனால் தீர்மானம் சட்டம் ஆகாது. அதற்கு முன்பே, 1952-இல், வாஷிங்டன் நகரப் பேருந்துகளிலும் டிராம்களிலும் ஓடிய வானொலியை எதிர்த்துப் பயணிகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். நீதிபதி டக்ளஸ் அந்தத் தீர்ப்பிலிருந்து மாறுபட்டு, நம்மை நம் போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமைதான் சுதந்திரத்தின் தொடக்கம் என்ற பொருளில் எழுதினார். நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் அந்த வழக்கில் உட்காரவே மறுத்துவிட்டார், அந்தச் சத்தத்துக்குத் தானும் ஆளானவர், தன் வெறுப்பு அவ்வளவு பலமானது என்று காரணம் காட்டி. இத்தனை வருடம் கழித்து அதைப் படிக்கும்போதும் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வருகிறது. கடைக்கு ஒரு சட்டம் கேட்க எனக்கு மனமில்லை, அங்கே நாம் போகாமல் இருக்கலாம். மருத்துவமனை, பேருந்து, அரசு அலுவலகம் ஆகிய இடங்களுக்கு விதி வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அதுவரை நான் செய்யப்போவது: பையில் ஃபில்டர் இயர்ப்ளக் எப்போதும் இருக்கும், எழுந்து போக முடியாத இடங்களுக்காக. சின்னக் கடையில் வாயைத் திறந்து கேட்பேன். பெரிய கடையில் ஊழியரிடம் ஒரு வார்த்தை, தலைமை அலுவலகத்துக்கு நாலு வரி. ஹெட்போனுக்கு இனி செலவு செய்ய மாட்டேன்.

போன வாரக் கடைக்கு நேற்று எழுதிவிட்டேன், எந்த இரண்டு டப்பாக்களை வைத்துவிட்டு வந்தேன் என்பது உட்பட. மருத்துவமனைக்கான கடிதம் இன்னும் பாதியில் நிற்கிறது. அதில் அம்மாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.